ஏற்றத்தில் இறங்காத நாள்

மழைக்காலத்தில் ரிக்‌ஷாவின் "தறப்பாள்" என்ற தார்ப்பாய்க் கூரைக்கு ஒரு மணம் இருந்தது. நனைந்த துணியும் எண்ணெயும் இழுப்பவரின் வியர்வையும் கலந்த அந்த மணத்தை என் மூக்கு இன்னும் மறக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் வளைந்து ஏறும் ஒரு தெருவில் குடியிருந்தோம். டாக்டர்மார், "பிரக்கிராசி" என்று நாங்கள் சொன்ன வழக்கறிஞர்கள், கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்து உயர்ந்த முஸ்லிம் முதலாளிமார் என்று எல்லாரும் வசதியானவர்கள். சமயம் வேறானாலும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து ரிக்‌ஷாவில் வந்து, வாசலில்தான் காலை நிலத்தில் வைப்பார்கள்.

என் ஐயா மட்டும் அந்தத் தெருவுக்கு ஒத்துவராத மனிதர். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் நல்ல உத்தியோகம்தான். ஆனால் "மனுசனை மனுசன் இழுக்கிறதே போதும், ஏத்தத்திலை இறங்கி நட பிள்ளை" என்பது அவர் வைத்த சட்டம். ஆகவே எங்கள் ரிக்‌ஷாக்காரர் மாயாண்டி ஏற்றத்தடியில் வண்டியின் கைத்தடிகளை இறக்கி நிற்பார். நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் நடப்பேன். அம்மாவுக்கு இது பிடிக்காது. "நாலு சனம் பார்க்கிற தெரு, என்ன நினைப்பினம்" என்று முணுமுணுப்பார்.

பக்கத்து வீட்டுப் பிரக்கிராசியின் மகள் கமலா, தன் ரிக்‌ஷாவில் என்னைக் கடக்கும்போதெல்லாம், "உன்ரை வண்டி வெறுமையாப் போகுது, ஓடிப் பிடியடி!" என்று கத்துவாள். எனக்கு அழுகை முட்டும். அவளுடைய பிறந்தநாள் விருந்துக்கு அந்தத் தெருவில் என்னை மட்டும்தான் அவள் கூப்பிடவில்லை; ஐயாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஓர் ஆடி மாத மழையில், தங்கள் ரிக்‌ஷாக்காரருக்குக் காய்ச்சல் என்று, கமலா என்னோடு எங்கள் வண்டியில் வந்தாள். ஏற்றத்தடியில் மாயாண்டி வழக்கம்போல் கைத்தடிகளை இறக்கினார். கமலா என் முகத்தையே பார்த்தாள்.

"இண்டைக்கு இறங்கேல்லை, போங்கோ" என்றேன்.

அவர் கைத்தடிகளை மறுபடி தூக்கி இரண்டு பேரையும் இழுத்தார். வளைவில் வண்டியை மதிலோரம் அணைத்து நிறுத்தி, நெடுநேரம் மூச்சு வாங்கினார். கமலா அடுத்த விருந்தைப் பற்றிப் பேசினாள். நானும் சிரித்துச் சிரித்துக் கேட்டேன்.

வழக்கமாக இருட்டிய பிறகே வரும் ஐயா அன்று நேரத்தோடு வந்திருந்தார். கமலா தன் வீட்டுக்குப் போய், நானும் வாசலில் இறங்கி நின்றபோதுதான் வெளியே வந்தார். "பிள்ளை நடந்தோ வந்தவள்?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா, பாப்பா நடந்துதான் வந்துச்சு" என்றார் மாயாண்டி, துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"பார்த்தியே, மழையிலும் நடந்திருக்கிறாள்" என்று அம்மாவிடம் ஐயா சொன்ன பெருமையை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் ஏற்றத்தடியில் மாயாண்டி நிற்கவில்லை. நேரே இழுத்துக்கொண்டு ஏறினார். தெருவின் மற்றப் பிள்ளைகளோடு என்னையும் சேர்த்துவிட்டார். ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். நாலு நாள் கழித்துத்தான், "நில்லுங்கோ, இறங்கப் போறன்" என்றேன்.

அவர் திரும்பி, கோபமே இல்லாமல், "தூறலா இருக்குங்க பாப்பா, ஒக்காருங்க. அய்யாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். அப்போது மனதில் வந்தது நிம்மதிதான். வெட்கம் பல வருஷம் கழித்து வந்தது.

அடுத்த ஆண்டு மாயாண்டி தெல்தோட்டைப் பக்கம் சொந்தக்காரரிடம் போய்விட்டார். இன்று அந்தத் தெருவில் ரிக்‌ஷா என்றால் என்னவென்று கேட்பார்கள்; பிரக்கிராசி வீடு தங்குவிடுதியாகிவிட்டது; கார்கள் ஏற்றம் தெரியாமல் ஏறுகின்றன. தன் மகள் ஏற்றத்தில் நடந்து வளர்ந்தவள் என்று ஐயா கடைசிவரை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் திருத்தவில்லை. கமலாவை நான் குறை சொல்லமாட்டேன். இறங்கி நட என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருந்தார்கள், தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.