நான் சொல்லாமல் விட்ட பாதி

மனித மூளைக்கு வரைபடம் தயாரிக்கும் குழுவில் அப்போது நாங்கள் நான்கு பேர். நரம்பியல் மருத்துவர், மூளையைத் தாள்போலச் சீவும் இயந்திரத்தைச் செய்த பொறியாளர், சீவல்களின் படங்களைக் கணினியில் ஒன்றுசேர்ப்பவர், உடற்கூறியல் படித்த நான். இறந்தவரின் குடும்பத்திடம் சம்மதம் வாங்குவதும் என் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பெண் என்பதால் எனக்கு அது சுலபமாக வரும் என்றார்கள். வந்தது.

ஒரத்தநாட்டுக்கு அருகே ஒரு பெரியவர். இளவயதில் கூலி உயர்வு கேட்டு வயலில் இறங்க மறுத்தபோது மிராசுதாரின் ஆட்கள் அவர் தலையில் அடித்தார்கள். அந்த அடியில் போன பேச்சு சில வருடங்களில் தானாகவே திரும்பியது என்று மருத்துவரின் குறிப்பில் இருந்தது. அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவியிடம், தலைக்குள்ளே பார்த்துப் படம் எடுக்க வேண்டும் என்றேன்.

"தலைய முழுசாத் திருப்பிக் குடுத்துருவீங்கள்ல?"

"குடுத்துருவோம் பெரியம்மா."

நம்ம வீட்டுப் பொண்ணு சொல்லுது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தார். தலையைத் தைத்துக் கொடுத்தோம். உள்ளே மூளை இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மறுத்துவிடுவாரோ என்ற பயம்.

ஒரு வருடத்தில் படம் தயாரானது. பேச்சுக்கான இடதுபக்கப் பகுதி சிதைந்தே இருந்தது. பிறகு எப்படிப் பேசினார் என்று மற்ற மூவரும் வாரக்கணக்கில் வாதாடினார்கள். கேட்க வேண்டியது அவர் மனைவியிடம் என்று எனக்குத் தெரியும். போனேன். முதலில் உண்மையைச் சொன்னேன்.

நாற்று முடி கட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"அப்ப நாங்க எரிச்சது?"

"மூளை இல்லாத உடம்பத்தான் பெரியம்மா."

கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நீ ஏன் மறைச்ச?"

அவருக்குப் பேச்சு தானாகத் திரும்பியதா என்று மட்டும் கேட்டேன்.

"தானாவா? பேச வராது, ஆனா பாட்டு வரும். நடவுப்பாட்டப் பாட வெச்சு, அதுலேர்ந்து ஒவ்வொரு வார்த்தையா நான்தான் பிரிச்சுக் குடுத்தேன். தண்ணின்னு தனியா சொல்றதுக்கு ஒரு வருசம் ஆச்சு. எங்கிட்ட யாரு கேட்டா?"

நான் திரும்பி வந்து இதைச் சொன்னபோது மருத்துவர் தன் குறிப்பில் 'தானாகவே' என்ற சொல்லை அடித்தார். பேச்சுப் பயிற்சி தரும் ஒருவரைக் குழுவில் சேர்த்தோம். மூளையைத் திருப்பித் தரமாட்டோம் என்பதைச் சம்மதப் படிவத்தின் முதல் வரியாக எழுதினேன். இப்போது பலர் மறுத்துவிடுகிறார்கள்.

பெரியம்மா சொன்னது எங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாக வந்தது. படித்துக்காட்டப் போனேன். என்னை வாசலிலேயே நிற்கவைத்து முழுவதும் கேட்டார். சரியாத்தான் எழுதியிருக்கு என்றார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.