புல்வெளித் தண்ணீர்

நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க எனக்கிருந்த ஆசையைக் கொண்டுபோய்க் கடலில் போட்டிருக்கலாம். அந்த ஆசையால்தான் ஆறாம் வகுப்பில் எங்கள் தெருவின் குடிதண்ணீரை நான் நிறுத்தினேன்.

காரைக்காலில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. எந்த அடிபம்பில் அடித்தாலும் உப்புக் கரிக்கும். பக்கத்திலேயே ஒரு தங்கும் விடுதி. ஊருக்கு உள்ளே தள்ளி போர் போட்டு, நல்ல தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து புல்வெளிக்கு விட்டார்கள். ஆடு மாடுகூட வாய் வைக்க முடியாத புல்லுக்கு அப்படியொரு கவனிப்பு. விடியற்காலை நாலு மணிக்கு டைமரில் ஸ்பிரிங்க்ளர்கள் சுற்றத் தொடங்கினால் எட்டு வரை ஓயாது. அவற்றைப் பார்த்துக்கொள்வது பெரியப்பாவின் வேலை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகில் அடிபட்ட பிறகு அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வேலைதான்.

பள்ளியில் தண்ணீர் சேமிப்பு வாரம் வந்தது. தண்ணீர் வீணாகும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, உரியவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற வழியில் எனக்கு அகப்பட்டது இடம். விடுதியின் பின்சுவருக்கு வெளியே, குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. உடனே எழுதிவிட்டேன். பெரியப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவரே சரிசெய்துவிடுவார், அப்புறம் கடிதத்துக்கு என்ன வேலை?

மேனேஜர் பள்ளிக்கே வந்து ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். இணைப்பை இறுக்கினார்கள். இத்தனை நாள் ஒழுகியதைக் கவனிக்கவில்லை என்று பெரியப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அவர் கவனிக்காமல் இல்லை. அதைத் தளர்த்தி வைத்ததே அவர்தான். எங்கள் தெருப் பெண்கள், என் அம்மாவும்தான், இருட்டோடு குடமெடுத்துப் போய்ப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் வருமுன் திரும்பிவிடுவார்கள். நான் பார்த்தது அவர்கள் பிடித்தது போக மிச்சம். இதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருந்தது, குடித்தேன். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை போன அன்று பெரியப்பா வீட்டுக்கு வந்தார். கடிதத்தை மேனேஜர் அவரிடம் காட்டியிருக்கிறார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு பாப்பா" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு அம்மா நல்ல தண்ணீருக்காக வெகுதூரம் நடந்தாள். பெரியப்பா பாதி நாள் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பூசை முடிந்து வரும்போது பார்த்தேன். கொட்டுகிற மழையில் ஸ்பிரிங்க்ளர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மழை வந்தால் முதலில் ஓடிப்போய் வால்வை மூடுகிற மனிதர் இப்போது அங்கே இல்லையே. நான் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

"பெரியப்பா, மழையிலயும் தண்ணி விடுறாங்க! இன்னொரு லெட்டர் எழுதட்டா?"

அம்மா எழுந்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்மேல் கை வைத்ததே இல்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது பெரியப்பா குறுக்கே வந்தார்.

"விடும்மா. புள்ளைக்கு என்ன தெரியும்?"

அடித்த அம்மாவைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் சேமிப்பில் பள்ளியிலேயே பரிசு வாங்கியவள் நான். எனக்கா ஒன்றும் தெரியாது?