தண்ணீர் குடிக்காதவர்

அறுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்சாலை ஒன்றில், கழிப்பறைக்குப் போகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறிப்பது என் வேலை. அடிக்கடி போனால் வேலை போய்விடும் என்று மேலாளர் மிரட்டி வைத்திருந்தார். வெல்டர் ஒருவரின் பெயர் மட்டும் அதில் ஏறியதே இல்லை. ஒடுங்கிய கன்னம், வெடித்த உதடு. நாள் முழுக்க அனலில் நின்றும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணே," என்றேன் ஒருமுறை.

"குடிச்சா உங்க நோட்டுல ஏறணுமே தம்பி. நான் பிள்ளகுட்டிக்காரன்."

ஆள்குறைப்பு வந்தபோது நோட்டை யாரும் கேட்கவேயில்லை. கடைசியாகச் சேர்ந்தவர்களை அனுப்பினார்கள். அவரும் அவர்களில் ஒருவர். வேலைநீக்கக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"இனி குடிக்கலாம்ல, தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.