குப்பையா, கேள்விக்குறியா என்று கேட்டவள்

தனலட்சுமி இறந்த செய்தி, காலையில் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு வந்தது. ஹனூரிலிருந்து அவளுடைய தம்பி பேசினார். "ரேவதியக்கா, அக்கா போயிட்டாங்க" என்றார். ஆஸ்பத்திரியிலா என்று கேட்டேன். "இல்லீங்க, வீட்லதான். காப்பி கேட்டாங்க. கொண்டு வர்றதுக்குள்ள..." நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தேன்.

தனத்தை, எங்களிடம் வேலை கொடுத்த உங்களில் பலர் போனில் மட்டுமே அறிந்திருப்பீர்கள். மைசூரில் எங்கள் சிறிய அலுவலகத்தில், பழுதான வலைத்தளங்களைச் சரிசெய்வது அவள் வேலை. பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. எதிரெதிர் மேசைகளில் பல வருடம் உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே சர்வரில் பலரோடு சேர்ந்து இடம் வாங்கியிருக்கும் சிறிய ஆட்கள். தளம் விழுந்தால் பேக்கப்பை, அதாவது முன்பே எடுத்து வைத்த நகலை, ஏற்றிவிட்டால் போதும், பழையபடி வந்துவிடும் என்று நினைப்பார்கள். வருவது ஒற்றை வரிப் பிழைச்செய்தியாக இருக்கும். நமக்கு எரிச்சல் வரும் அந்த இடத்தில் அவள் முகம் மலரும். "ஹவுதா?" என்பாள். அப்படியா என்று கன்னடத்தில் கேட்பது. அதைத் திரையைப் பார்த்துக் கேட்பாள். "என்னமோ சொல்ல வருது. முழுசாக் கேப்பம்."

ஒரு சிவராத்திரி சமயம். மாதேஸ்வரன் மலைக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களின் படங்களைப் போடுவதற்காகக் கொள்ளேகாலில் சில தன்னார்வலர்கள் ஒரு தளம் நடத்தினார்கள். அன்று பார்த்து சர்வர்காரர்கள் தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற, எல்லாம் காலியாகிவிட்டது. குழுவை நடத்திய முருகேசன் காலையில் எடுத்து வைத்திருந்த பேக்கப்பை அனுப்பினார். அதற்குள் மஞ்சுளா என்ற பெண் அவரிடம் விலாசம் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். முந்தின நாள் மலையில் அவருடைய அப்பா கூட்டத்தில் தொலைந்துவிட்டார்.

"பக்கத்து வீட்டக்கா காலைல அந்தத் தளத்துல அப்பா படத்தைப் பாத்திருக்காங்க. எங்க இருக்காருன்னு படிக்கல. நான் தொறந்தா வெறும் வெள்ளையா இருக்குங்க. அவருக்கு ஊர் பேரு, என் பேரு எதுவும் ஞாபகம் இருக்காது."

முருகேசனுக்கு போன் போட்டோம். "பல எடத்துல ஆளுங்களத் தங்க வெச்சிருக்கோமுங்க. எந்த எடம்னு படம் போட்டவருக்குத்தான் தெரியும். அவரு காலைல போட்டுட்டு இப்ப மலை மேல இருக்காரு, சிக்னல் இல்லீங்க" என்றார்.

தனம் பேக்கப்பை ஏற்றினாள். தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று வந்தது. புதிய சர்வரில் கணக்கின் பெயர் மாறியிருந்தது; அதை ஒட்டித் தரவுத்தளத்தின் பெயரும் மாறியிருந்தது. தளம் இன்னும் பழைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் முகப்பு வந்தது. உள்ளே எதைத் தொட்டாலும் பக்கம் இல்லை என்றது. உள்பக்கங்களுக்கு வழிசொல்லும் ஒரு கோப்பு உண்டு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. பேக்கப் எடுக்கும்போது அது விட்டுப்போயிருந்தது. தனம் புதிதாக எழுதி வைத்தாள். படங்கள் வரிசையாக வந்தன.

"அப்பா" என்றார் மஞ்சுளா. தலையில் துண்டு கட்டிய ஒருவர் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் படத்துக்குக் கீழே இருந்தது தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. என்னவோ கொம்பும் புள்ளியும் வைத்த அந்நிய எழுத்துகள். மஞ்சுளா என்னைப் பார்த்தார். "எழுத்து படிக்க முடியல" என்று தனத்திடம் சொன்னேன்.

தனம் அப்போது வேறு திரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "குப்பையா இருக்கா, கேள்விக்குறியா இருக்கா?"

"குப்பைதான்" என்றேன்.

"அப்பப் பயமில்ல. வரிசையாக் கேள்விக்குறி வந்தா எழுத்து போயிருச்சுன்னு அர்த்தம். குப்பைன்னா எழுத்து உள்ள அப்பிடியேதான் இருக்கு. நாமதான் தப்பாப் படிக்கறோம்."

எந்த எழுத்து முறையில் படிக்க வேண்டும் என்று சொல்லி, தரவுத்தளத்தை மட்டும் மறுபடி ஏற்றினாள். பக்கத்தைத் திறந்தோம். "ஹனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இருக்கிறார். களி கேட்டுச் சாப்பிட்டார்." மஞ்சுளா அதை வாய்விட்டுப் படித்தார். அதன்பின் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அன்றே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அதோடு முடிந்தது. தனத்துக்கு முடியவில்லை. மலையில் தொலைந்தவர் ஹனூருக்கு எப்படிப் போனார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. சில நாள் கழித்து மஞ்சுளாவையே கூப்பிட்டுக் கேட்டாள். பெரியவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். ஹனூரில் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு கரும்பு வண்டி நின்றதாம். அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் எப்போதும் கரும்பு வண்டிகள் நிற்குமாம்; நம் ஊர் வந்துவிட்டது என்று இறங்கிவிட்டாராம். "பாத்தியா, மனுசன் சும்மா எறங்கல" என்று என்னிடம் சொன்னபோது அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவள் மாறவில்லை. ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தபோது இயந்திரம் கத்தியது. நான் பதறி எழுந்தேன். வந்த நர்ஸிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன சொல்லுதுங்க சிஸ்டர்?" என்பதுதான். குழாய் மடங்கியிருக்கிறது என்றார் நர்ஸ். "ஹவுதா? மடங்குனது அதுக்கு எப்பிடித் தெரியும்?" நர்ஸ் சிரித்துவிட்டு, உட்கார்ந்து விளக்கினார். தன் உடம்பைப் பற்றி அவள் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லென்றிருந்தது. பயத்தோடும் கேட்டாள், அவ்வளவுதான்.

அவள் மேசையில் இருந்த வேலைகள் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு வாழைப்பழ வியாபாரியின் தளம். பேக்கப் ஏற்றிய பிறகு அதில் ஒரு படம் மட்டும் முதல் தடவை திறந்தால் வருவதில்லை. இரண்டாம் தடவை வருகிறது. கோப்பைத் திறப்பதற்கான அனுமதிகள், கோப்பின் பெயர், அதில் ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து எல்லாவற்றையும் தனம் பார்த்திருந்தாள். படத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "சரியாயிரும். ஆனா ஏன்னு தெரியாமப் போயிருமே" என்றாள். வியாபாரியிடமும் அதையே சொல்லி அவகாசம் வாங்கினாள். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

காரியம் முடிந்து ஹனூரிலிருந்து திரும்பிய மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படம் வரவில்லை. மறுபடி திறந்தேன், வந்தது. என் வேலை இல்லைதான். ஆனாலும் சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, புரிந்த வரை படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஏன் என்ற இந்த ஒரு கேள்விதான். படத்தை நான் இன்னும் மாற்றவில்லை.