பலகையை விட்டு இறங்கிய கால்

ராசம்மாளுக்கு அறுபது வயது. திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர் வயல்களில் பத்து வயதிலேயே களையெடுக்க இறங்கியவள். முதுகு வளைந்துவிட்டது, கண் மட்டும் மங்கவில்லை. நெல்லோடு நெல்லாக நிற்கும் களையான குதிரைவாலிப் புல்லை வரப்பிலிருந்தே காட்டிவிடுவாள்.

போன வருடம் பூர்ணிமா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தார். நெல் வயலிலிருந்து எழும்பும் மீத்தேனை அளக்க ஒரு சின்ன விமானம் வரும் என்றார். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கருவிகளை ஏற்றிய விமானம். மூக்கிலுள்ள குழாய் காற்றை உறிஞ்சும். மீத்தேன் என்றதும் ஊர் முறைத்தது. நிலத்தைத் துளைக்க வரவில்லை என்று நம்பவைக்கவே ஒரு மாதம் ஆனது.

மேலே அளக்கும் அதே நேரத்தில் கீழேயும் அளக்க வேண்டும். பயிர்மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஊசிக்குழலில் காற்றை இழுப்பது ராசம்மாள் வேலை. கடிகாரம் பார்த்துச் சொல்வது மோட்டார் கொட்டகைக்காரனான என் வேலை. கால் சேற்றில் படக்கூடாது. மிதித்தால் அடியில் கிடக்கும் வாயு கிளம்பி அளவு பொய்யாகிவிடும். அதற்காகவே வரப்பிலிருந்து பலகை போட்டிருந்தது.

ஆடியில் ஒரே ஒரு நாள்தான் விமானத்துக்கு அனுமதி. நாகப்பட்டினம் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம். காலை ஒன்பதரைக்கு அது தலைக்குமேல் போனபோது ராசம்மாள் பலகையில் இல்லை. சேற்றில் நின்றாள். கையில் குதிரைவாலிப் புல். பெட்டியைச் சுற்றிக் குமிழி பொங்கியது.

"என்னக்கா பண்ணிட்ட?"

"கண்ணுல பட்டுச்சுடா. கால் தானா எறங்கிடுச்சு."

பூர்ணிமா அடுத்த வயலில் இருந்தார். "சொல்லாத. சொன்னா உன்ன வேலைய விட்டு நிறுத்திருவாங்க" என்றேன்.

"மேல போறவன் நம்மள நம்பித்தானடா போறான்" என்றாள். பிறகு குரல் கொடுத்தாள். "பாப்பா, இந்தக் காத்து வேணாம். நான் சேத்துல எறங்கிட்டேன்."

பூர்ணிமா வந்து குமிழிகளைப் பார்த்தார்.

"இந்த ஒரு நாளுக்குத்தாம்மா ஒரு வருசமா அலைஞ்சேன்."

ராசம்மாள் தலை குனிந்தாள்.

"பலகையோட அந்தக் கடைசியில வேற பெட்டி வைக்கலாம். முக்கால் மணி நேரத்துல விமானம் திரும்பி வரும். நீங்களே எடுங்க."

"நானா?"

"நீங்கதான். காலைக் கட்டிக்கங்க."

பூர்ணிமா சும்மாதான் சொன்னார். ராசம்மாள் தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள்.

அவள் இரண்டாவது குழலை இழுக்கும்போது விமானம் திரும்பி வந்து கடந்து போனது. புதுப் பெட்டிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், இன்னொரு குதிரைவாலி நின்றது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் நேரம் சொல்லச் சொல்ல நாலு குழலும் நிறைந்தன. அதன் பிறகும் அவள் பலகையை விட்டு அசையவில்லை.

பூர்ணிமா குழல்களை எண்ணி வாங்கிப் பெட்டியை எடுத்தார்.

"பாப்பா, இப்ப எறங்கலாமா?"

"எறங்குங்கம்மா."

முடிச்சு இறுகிக் கிடந்தது. நான்தான் அவிழ்த்துவிட்டேன்.