பாண்டிக்காரி திரும்பிப் பார்க்கவில்லை

பாண்டிச்சேரி இனி புதுச்சேரி என்று டி.வி.யில் சொன்ன அன்று, குருவிநத்தத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் எல்லோரும் என் அத்தையைத்தான் பார்த்தார்கள். தாய்மாமாவின் மனைவி, நகரத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊரின் பெயரால் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுத்துக்கேணியிலிருந்து வந்தவர் சுத்துக்கேணிக்காரி, அத்தை பாண்டிக்காரி. கட்டிய மாமாவே அப்படித்தான் கூப்பிடுவார்.

“இனிமே உன்ன புதுச்சேரிக்காரின்னு கூப்பிடணுமா இன்னா?” என்று ஒருத்தி கேட்க, பந்தலே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நான் பொறந்த ஊரு, ‘எம்பேரு புதுச்சேரி’ன்னு சொல்லிச்சு, எல்லாரும் கம்முனு ஒத்துக்கினீங்க. எனக்கும் ஒரு பேரு இருக்குது. அதச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் இனிமே திரும்புவேன்.”

ஊர்ப் பெயர்கள் ஏன் மாறுகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது. ஆள வருகிறவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி ஒரு பெயரைச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அவசரத்துக்கு அதைச் சுருக்குவார்கள். உள்ளே குடியிருப்பவர்களை யாரும் கேட்பதில்லை. ஆண்டவர்களின் கொடி இறங்கி வெகுகாலம் கழித்துத்தான், எங்களை இப்படிக் கூப்பிடுங்கள் என்று சொல்லத் தைரியம் வருகிறது. மெட்ராஸ் சென்னையானதும் அப்படித்தான். ஆனால் காகிதம் மாறுகிற வேகத்தில் நாக்கு மாறுவதில்லை. பாகூர் பஸ்ஸில் இன்றும் “பாண்டி, பாண்டி” என்றுதான் கூவுகிறார்கள். நானும் அப்படித்தான் டிக்கெட் கேட்கிறேன். ஊர் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. அத்தை கோபித்துக்கொண்டார்.

பாண்டிக்காரி என்று கூப்பிட்டால் காது கேளாதவர் போல நடப்பார். முதலில் வழிக்கு வந்தது என் அம்மா. “பாண்...” என்று தொடங்கி, பாதியில் விழுங்கி, பெயரைச் சொல்லப் பழகினார். அப்புறம் ஒவ்வொரு வீடாகத் தெருவே பழகியது. மாமா மட்டும் மசியவில்லை. பெண்டாட்டியைத் தெருவில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பது அவர் கட்சி. தெரு முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் வீட்டுக்குள் இன்னும் பாண்டிக்காரிதான் என்று அத்தை என் அம்மாவிடம் சொல்லி அழுதது எனக்குத் தெரியும்.

அறுவடை முடிந்து தார்ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த ஒரு மதியம், திடீரென்று வானம் கறுத்தது. மாமா நெல்லைக் கூட்டித் தள்ளிக்கொண்டே, தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லி, “பாண்டிக்காரி, பாண்டிக்காரி” என்று கத்தினார். அத்தை தார்ப்பாயோடு வாசலிலேயே நின்றார். தூறல் விழுந்தது. நான் வாங்கிக்கொண்டு ஓடக் கை நீட்டினேன், அத்தை கொடுக்கவில்லை. நெஞ்சழுத்தம் என்றால் அதுதான். மாமா அத்தையைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கும்படி குரல் வந்தது.

“செண்பகம்! எடுத்தாடி சீக்கிரம்!”

அந்த வயதில் அத்தை அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஓரத்து நெல் நனைந்துதான் போனது. இருவரும் மழையில் நின்று சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுக்கு வில்லியனூரிலிருந்து ஒரு பெண் வாழ வந்தாள். ஆலத்தி எடுத்து முடித்ததும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமாதான் முன்னால் வந்து கேட்டார்: “உம்பேரு இன்னாம்மா?”