படுக்கச் சொன்ன இடமும் ஓடச் சொன்ன இடமும்

ராணுவப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய தண்டனை, பூட்ஸைக் கழற்றியதற்காக.

சேர்ந்து மூன்றாவது வாரம் இருக்கும். வெடிமருந்துக் கிடங்கிலிருந்து பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்ற எங்களில் பத்துப் பேரை அனுப்பினார்கள். கிடங்கு வாசலுக்குப் போனதும் நான் பாட்டுக்குக் குனிந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தேன். சுவரில் செம்புத் தகடு எங்கே என்று தேடினேன். காணோம். சரி, இருக்கிறதைத் தொடுவோம் என்று கதவின் இரும்பில் உள்ளங்கையை வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் என் காலைப் பார்த்தார். வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தார்.

“என்னடா இது, கோயிலா? தேங்காய் பழமெல்லாம் கொண்டு வந்தியா?”

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். யார் கேட்டார்கள்? லேஸை முடிச்சுப் போட்டுப் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றினேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஊரில் காலில் செருப்போடு மருந்து அறைக்குள் போனவனைத்தான் ஏசுவார்கள்.

சிவகாசிப் பக்கம், ஆமத்தூரைத் தாண்டி எங்கள் ஊர். பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, வெடி ஆபீஸ் என்போம். வெடிக்குள் அடைக்கும் பொடிக்குப் பெயர் மருந்து. அம்மா இருபது வருஷம் மருந்து அடைத்தவள். நான் பிளஸ் டூ முடித்த வருஷம், சீசனுக்கு ஆள் பத்தவில்லை என்று அவள் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தேன். முதல் நாள் அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். செருப்பை வெளியே விடு. தகட்டைத் தொட்டுவிட்டு வா, உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் போகட்டும். எதையும் இழுக்காதே, எதையும் பொத்தென்று போடாதே. அறைக்கு நாலு பக்கமும் கதவு எதற்கு இருக்கிறது என்று காட்டினாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் மூன்று தடவை என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

“வெடிச்சா ஓடணும். எந்தக் கதவு பக்கமோ அந்தக் கதவு. எவ கத்துனாலும் திரும்பிப் பாக்காத. நானே கத்துனாலும் திரும்பாதலே.”

இரண்டாவது மாதம் வெடித்தது. பக்கத்து அறை. நான் ஓடினேன். கருவேல முள் காலில் ஏறியதுகூடத் தெரியாமல் தார் ரோடு வரைக்கும் ஓடினேன். பின்னால் “யய்யா!” என்று அம்மா கத்தினாள். கேட்கவே இல்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே எதற்குப் பொய்? கேட்டது. கேட்டும் ஓடினேன்.

வாசற்படியில் கால் தடுக்கி விழுந்திருக்கிறாள். அங்கே சிதறி எரிந்துகொண்டிருந்த வெடிக் குவியலில் இடது கையை ஊன்றிவிட்டாள். போர்மேன்தான் இழுத்து வெளியே போட்டாராம். மூன்று விரல்கள் உள்பக்கமாக மடங்கி ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் நான் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, “நல்லா ஓடுனே, அதாம்லே சரி. சாப்பிட்டியா?” என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏசியிருக்கலாம். நாலு பேர் முன்னால் வைத்து அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து அவள் மறுபடியும் அதே ஆபீசுக்குப் போனாள். மருந்து அடைக்கிற கையா அது? திரி அடுக்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். நான் போகவில்லை. செத்தாலும் இனி மருந்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போனேன். ஓட்டத்தில் என் வரிசையில் நான்தான் முதல். ஓடத் தெரியும் என்பதால்தான் என்னை எடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஓடியதற்காகத்தான் திருப்பி அனுப்பவும் பார்த்தார்கள்.

பயிற்சி நிலையம் ஊரிலிருந்து வெகுதூரத்தில், குளிரான மலைப் பக்கம். விடியுமுன் விசில். அதிலிருந்து சாயங்காலம் வரை நம் உடம்பு நம்முடையது இல்லை. உட்கார், எழு, உருள், தவழ். சாப்பிடுவதற்குக்கூட விசில். போன் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். சுற்றிலும் கம்பி வேலி. ஒரே ஒரு வாசல், அதிலும் துப்பாக்கியோடு ஒருவன். நாலு கதவு உள்ள அறையில் உட்கார்ந்து பழகியவன் நான். அந்த ஒரு வாசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும்.

ஐந்தாவது வாரம் எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். குண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம். பாடம் ரொம்பச் சுருக்கம்: சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே குப்புற விழு, தலையைத் தூக்காதே, ஓடாதே. ஓடுகிறவன் மேல்தான் சில்லு பாயும். நன்றாகத்தான் புரிந்தது. பயிற்சி வெடி ஒன்றை உஸ்தாத் எங்கள் பக்கவாட்டில் எறிந்தார்.

வெடித்தது. அதைவிட அந்த வாடைதான் என்னைத் தூக்கியடித்தது. அம்மா சேலையில் வருகிற அதே மருந்து வாடை. கண்ணைத் திறந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். இருநூறு முந்நூறு மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு முள்கம்பியைத் தாண்டியிருக்கிறேன், தொடை கிழிந்திருந்தது. அன்றிலிருந்து என் பெயர் ‘சிவகாசி ராக்கெட்’.

மறுநாளும் ஓடினேன். அதற்கு மறுநாள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே, இன்னும் ஒரு தடவை ஓடினால் பெயரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். வீடு என்றால் எனக்கு எது? வேறு எந்த வேலை இருக்கிறது எங்கள் ஊரில்? அதே அறை, அதே பாய், பக்கத்தில் மடங்கிய விரல்களோடு அம்மா. அங்கே போக முடியாது. இங்கே இருக்கவும் உடம்பு விடமாட்டேன் என்கிறது. அந்த ஞாயிறு போனில் அம்மா கேட்டாள்.

“எப்படி இருக்கே? எல்லாரும் நல்லா வச்சிருக்காகளா?”

“ரொம்ப நல்லா இருக்கேம்மா.”

“மருந்து கிருந்து பக்கம் விடலேல்ல?”

“அதெல்லாம் இல்லம்மா. சும்மா ஓட்டம் சாட்டம்தான்.”

“அப்ப ஒனக்கு என்ன கவல? ஓடுறதுல ஒன்ன மிஞ்ச ஆளு ஏது?” என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் கக்கூசுக்குள் போய் அழுதேன்.

எனக்கு ஜோடியாகப் போட்டிருந்தவன் விருதுநகர்க்காரன். அப்பாவை அத்தா என்பான்; அவருக்கு பஜாரில் மிளகாய் வத்தல் வியாபாரம். வாய் மட்டும் ஓயவே ஓயாது. அடுத்த முறை காட்டுக்குப் போனபோது உஸ்தாத் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கச் சொன்னார். குனிந்து என் வலது பூட்ஸ் லேஸை அவிழ்த்து, அவனுடைய இடது பூட்ஸ் லேஸோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“இவன் ஓடினா நீயும் ஓடுன கணக்கு. ரெண்டு பேரையும் ஒரே ரயில்ல ஏத்திவிட்டுருவேன்.”

அவருக்கு என் மேல் இரக்கம் ஒன்றும் கிடையாது. தொல்லை தீர்ந்தால் போதும் என்று நினைத்தார். அவன் மண்ணில் முகத்தை வைத்தபடியே என்னிடம் சொன்னான்.

“மாப்ள, ஓடுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிரு. நானும் நொண்டியடிச்சுக்கிட்டே கூட வாரேன்.”

வெடித்தது. கால் தானாக எழும்பியது. லேஸ் இழுத்தது. அவன் கால் அசைந்தது. நான் மறுபடியும் விழுந்தேன். புல்லை வாயால் கவ்விக்கொண்டேன். இரண்டாவது வெடி, மூன்றாவது வெடி. ஓடு ஓடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. படுத்தே கிடந்தேன். கால்சட்டை நனைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்தபோது அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடிப்பதுபோலத் தன் மேலும் என் மேலும் கொட்டிவிட்டு, “சே, மூடி சரியில்ல மாப்ள” என்றான். வாய் ஓயாத பயல் அதைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரம் லேஸ் கட்டித்தான் படுத்தேன். பிறகு தேவைப்படவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எவனோ அண்டா மூடியைக் கீழே போட்டான், நான் தட்டோடு தரையில் கிடந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். உஸ்தாத் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். என் பெயரை இனி யாரும் அடிக்க முடியாது.

பயிற்சியின் நடுவில் பதினைந்து நாள் லீவு விட்டார்கள். ஊரில் சீசன் நேரம். அம்மா என் தலையைத் தடவிப் பார்த்து, “என்னலே இப்படி வழிச்சு எடுத்திருக்கானுக” என்று திட்டிக்கொண்டே கறி வாங்கி ஆக்கிப்போட்டாள். தெருவில் எல்லோரும், “மிலிட்டரிக்காரரு வந்திட்டாரு, இனிமே ஒங்கம்மாவ ஆபீசுக்கு விடாதிக” என்றார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. நான் பயிற்சியை முடிக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்றாள்.

நாலாவது நாள் அவள் சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போனேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். வாட்ச்மேன் ஆள் அனுப்பினார். நான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தூக்கோடு நின்றேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

தரைச்சக்கரம் காயப்போடும் களத்துப் பக்கம் வெடித்தது.

நான் விழுந்தேன். தூக்கு எங்கேயோ போயிற்று. குப்புற, முகம் மண்ணில், இரண்டு கையும் தலை மேல். எவ்வளவு சரியாக விழுந்தேன் தெரியுமா? என் மேல் ஜனம் தாண்டி ஓடுவது தெரிந்தது. ஒரு கால் என் முதுகை மிதித்துக்கொண்டு போனது. இன்னொரு சத்தம். ஓட்டுச் சில்லு சடசடவென்று விழுந்தது. நான் அசையவில்லை. அந்த நேரத்திலும் மனசுக்குள் ஒரு பெருமை, வெட்கமாக இருக்கிறது சொல்ல: நான் ஓடவில்லை.

சட்டைக் காலரை ஒரு கை பிடித்து இழுத்தது. பிடி சரியாக விழாமல் வழுக்கி வழுக்கி மறுபடியும் பிடித்தது. மடங்கிய விரல்கள்.

“எந்திலே! ஏலே, எந்தி! ஓடுலே!”

தரதரவென்று என்னை இழுத்துக்கொண்டு ரோடு தாண்டி டீக்கடைக்குப் பின்னால் போய்த்தான் நின்றாள். அன்றைக்கு உயிர்ச்சேதம் எதுவும் இல்லை, இரண்டு களத்துச் சரக்கு எரிந்ததோடு போயிற்று. அம்மா என்னைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் முதுகில் மாறி மாறி அடித்தாள்.

“படுக்கிற எடமாலே அது? கூறுகெட்ட பயலே! எம்புட்டுச் சொல்லியிருக்கேன்!”

“அங்கன அப்படித்தாம்மா பழக்கியிருக்காக. சத்தம் கேட்டா படுத்துரணும்.”

அவளுக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்போதுதான் என்னிடம் சொன்னார்: “ஒங்கம்மா வேலிச் சந்து வழியா மொதல்லயே இங்கன வந்து நின்னுட்டாகப்பா. மரத்தடியில ஒன்னப் பாத்ததும் திரும்பி ஓடுறாக. நான் புடிக்கேன், நிக்க மாட்டேங்காக.”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“ஏம்மா திரும்புனே? திரும்பக் கூடாதுன்னு நீதான சொன்ன?”

“நீ கெடந்தியேலே” என்றாள்.

அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை. அன்றைக்கு நீ கிடந்தபோது நான் திரும்பவில்லையேம்மா என்று சொல்ல வந்தேன். அவள் என் சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்.

“இனிமே இந்தப் பக்கம் வராத. ஒனக்கு ஓட மறந்துபோச்சு. ஓடத் தெரியாதவன் இங்கன வரக் கூடாது.”

மூன்று நாள் ஆபீஸ் மூடியிருந்தது. நாலாம் நாள் திறந்தார்கள். போகாதேம்மா என்று மன்றாடினேன். பயிற்சி முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். “அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது” என்று தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடவே நடந்தேன். டீக்கடையோடு நின்றுகொள்ளச் சொன்னாள். நின்றுகொண்டேன். அவள் ரோட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டிக் கேட்டுக்குள் போனாள். அவள் அறை வாசலில் செருப்பைக் கழற்றுவது வேலிக் கம்பி வழியாகத் தெரிந்தது. தகட்டைத் தொட்டாள். உள்ளே போய்விட்டாள்.

நான் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்றேன். மறுபடியும் வெடித்தால் என் உடம்பு ஓடுமா, படுக்குமா என்று எனக்கே தெரியவில்லை.